அறுக்காமல் அவிழ்த்த கயிறு

அன்று காலை பத்து நாற்பதுக்கு என் கைபேசி அடித்தது. பள்ளியில் முதல் இடைவேளைக்கு மணி அடித்து, பிள்ளைகள் குழாயடிக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். அழைத்தவர் எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர். "டீச்சர், பதறாதீங்க. தம்பியைக் கொஞ்சம் கட்டி வச்சிருக்கு. உடனே கொள்முதல் நிலையத்துக்கு வந்துடுங்க" என்றார். ஒரு மனிதனைக் கொஞ்சமாக எப்படிக் கட்ட முடியும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்றும் அந்த மணி அடித்தால் என் கை தானாகக் கைபேசியைத் தேடிப் போகிறது. உடன் வேலை செய்கிறவர்கள் பார்த்தும் பாராததுபோல் இருந்துகொள்கிறார்கள்.

என் மகனைக் கட்டியிருந்தது ஒரு நீல நைலான் கயிறு. நெற்குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்காக, அறுவடைக்கு முன் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் நானே நின்று, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று வாங்கிக் கொடுத்தது. இப்போது அது என் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஓரிடத்திலும் அறுபடவில்லை. கடையில் அளந்து கொடுத்த நீளத்திலேயே இருக்கிறது. அது ஏன் அறுபடாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணனைக் கட்டியபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், மார்கழியில் ஒருநாள் புத்தகப் பை இல்லாமல் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு அவர் தூங்கவில்லை. சுவரிடம் ஆங்கிலத்தில் பேசினார். குளத்தில் இறங்கி, தண்ணீருக்கு அடியில் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றார். இரண்டாம் முறை குளத்திலிருந்து தூக்கி வந்த அன்று, அப்பா அவரை நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தின் காலில் கட்டினார். மாட்டுப் பொங்கலுக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த புதுக் கயிறு அது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு மாட்டுக்குப் புதுக் கயிறு இல்லை. மற்ற மாடுகள் கொம்பில் வண்ணமும் கழுத்தில் புதுக் கயிறுமாக நிற்க, அந்த ஒன்று மட்டும் பழைய கயிற்றோடு நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அப்பா கொடுமைக்காரர் அல்ல. இதை நான் யாருக்காகவும் சொல்லவில்லை, உண்மை என்பதால் சொல்கிறேன். அண்ணன் வாயில் இரண்டு கவளமாவது இறங்காமல் அவர் சாப்பிட்டதில்லை. பத்தாயத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சாப்பிடுப்பா, சாமி" என்று கெஞ்சுவார். கெஞ்சிய அதே கைதான் சாயங்காலம் முடிச்சு தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும். பயம் ஒரு மனிதரை இரண்டு ஆளாக ஆக்கிவிடும் என்பதை நான் அந்த அறை வாசலில் நின்று தெரிந்துகொண்டேன். அண்ணனின் மணிக்கட்டு புண்ணானது. அம்மா தேங்காயெண்ணெயும் மஞ்சளும் தடவுவாள். மறுபடி அதே இடத்தில்தான் கயிறு படும்.

தஞ்சாவூரில் மனநல மருத்துவர் இருக்கிறார் என்று யாரோ அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் அழுது, ஒரு வழியாக மாசியில் புறப்பட்ட காலையில் முடிச்சு அவிழவில்லை. நனைந்தும் காய்ந்தும் கல்லாகியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா கொல்லையிலிருந்து அரிவாளை எடுத்து வந்தார். அரிவாளோடு அப்பா குனிந்ததைப் பார்த்து அண்ணன் போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. "அப்பா, வேணாம்ப்பா, நான் நல்லா இருந்துக்கிறேன்ப்பா" என்று அலறினார். தன்னை வெட்டத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டார். அப்பாவுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. அரிவாளைக் கீழே போட்டார். பிறகு எடுத்து, கயிற்றை அறுத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அப்பா இருந்த காலம் முழுவதும் அண்ணனும் அவரும் ஒரே அறையில் நெடுநேரம் இருந்து நான் பார்த்ததில்லை.

மாத்திரை அண்ணனை ஒரேயடியாக மீட்டுக் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் நன்றாக இருந்தது, சில ஆண்டுகள் மோசமாக. மெல்ல மெல்ல நிலைப்பட்டார். தையல் இயந்திரம் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, திருவிடைமருதூர் தேரடிக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் இல்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார். ஏன் என்று ஊருக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் அவருக்குப் பத்திரிகை வைப்பார்கள். போனால் பந்தியின் ஓரத்தில் இலை போடுவார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு, "சாம்பார் பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

என் மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, குழந்தைக்கு வெள்ளி அரைஞாணோடு முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். என் மாமியார் வீட்டில் கூடிப் பேசினார்கள். என் கணவரின் அண்ணன், எங்கள் வழக்கில் மூத்தார், வந்து என்னிடம், "தப்பா எடுத்துக்காதம்மா. கத்தி, ஊசி வர்ற இடம். திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். என் சித்தப்பா மகன் மடி கொடுத்தான். குழந்தை வீறிட்டபோது அண்ணன் வாசல் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை மட்டும் தொடையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பின்னாளில் மகன் வளர்ந்து, காதுகுத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, மாமாவைச் சீண்டுவான். "ஏன் மாமா, எனக்குக் காது குத்துனப்ப எங்க போனீங்க?"

"வாசல்ல உக்காந்து பாயசம் குடிச்சேன் மாப்ள. உள்ள நீ கத்துன கத்துல ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சேன்" என்பார் அண்ணன். இருவரும் சிரிப்பார்கள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மகனுக்கு நோய் வந்தது சென்னையில், வேலைக்குப் போன இரண்டாம் ஆண்டில். பல நாள் தூங்காமல், உலகத்தையே புரட்டிப் போடும் ஒரு திட்டத்தைத் தன் மேலதிகாரிகளுக்கு எழுதி எழுதி அனுப்பியிருக்கிறான். இருமுனை மனநோய் என்று மருத்துவர் சொன்னார். சில காலம் மனம் தலைகால் தெரியாமல் பொங்கும், சில காலம் எழுந்திருக்கவே விடாமல் அமுக்கும். மருந்து எடுத்துக்கொண்டு, தூக்கத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டால் நன்றாக வாழலாம் என்றார். என் கணவர் அப்போது இல்லை, அதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். மகனை நான் ஊருக்குக் கூட்டி வந்தேன். தன் அப்பாவின் நிலத்தைத் தானே பார்ப்பதாகச் சொன்னான். சேற்றில் இறங்கிய பிறகு அவன் முகம் தெளிந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கத் தஞ்சாவூருக்குப் போகும் நாட்களில் அண்ணன் திருவிடைமருதூரிலிருந்து நேரே மருத்துவமனைக்கு வந்துவிடுவார். ரத்தம் கொடுத்து முடித்ததும் இருவரும் எதிர்க் கடையில் பூரி சாப்பிடுவார்கள்.

அப்படி ஒரு நாளில்தான் மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். மனநோய் உள்ளவர், தெளிவாக இருக்கும்போதே, நோய் முற்றினால் தனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதி வைக்கலாம். தான் பேச முடியாத நேரத்தில் தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது என்றார். மகன் யோசிக்கவே இல்லை. "என்னைக் கட்டக்கூடாது. இங்கதான் கொண்டு வரணும், வேற எங்கயும் கொண்டு போகக்கூடாது. எனக்காக மாமா பேசட்டும்" என்றான். மருத்துவர் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்து, "ஏன்டா, நான் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: "நீ பயப்படுவம்மா. பயந்தா பெரியப்பா சொல்றதுக்குத் தலையாட்டிடுவ." அண்ணன் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. அடிப்படை உரிமைகள் பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் வரிசையாக ஒப்பிப்பார்கள், நான் சரி போடுவேன். அந்தப் பாடம் என் மகனின் மணிக்கட்டில் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

சென்ற சம்பா நன்றாக விளைந்தது. அறுவடை இயந்திரம் வந்து இறங்கியதும் எல்லாரையும்போல நாங்களும் நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டினோம். டோக்கன் வாங்கிவிட்டு முறை வரும்வரை குவியலுக்கு அருகிலேயே காத்துக் கிடக்க வேண்டும். மாடு வாய் வைக்கும், மழை வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண் அங்கே படுத்துக் காவல் காப்பான். மகன், "நான் இருக்கேம்மா" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூடியிருந்தவர்கள், "பரவாயில்லையே டீச்சர், பையன் ஆளாயிட்டானே! இனிமே ஒங்களுக்கென்ன கவலை" என்றார்கள். அந்த வார்த்தைக்கு நான் எவ்வளவு நாள் ஏங்கியிருந்தேன் என்பது அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தினமும் சாப்பாட்டோடு மாத்திரையை வைத்து அனுப்பினேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டாயா, போட்டேன். தூங்கினாயா என்று கேட்கவில்லை. மாத்திரைக்குச் சமம் தூக்கம் என்று மருத்துவர் தலையில் அடித்துச் சொல்லாத குறைதான். நெல்லுக்குக் காவல் இருப்பவனைத் தூங்கினாயா என்று கேட்பது எங்கள் பக்கத்தில் அவனைக் குறை சொல்வதுபோல் ஆகும். அந்த ஊர் வழக்கம் எனக்குள்ளும் ஊறியிருந்தது.

வயல்காரரின் அழைப்புக்குப் பிறகு நான் ஆட்டோவில் ஏறியதும் முதலில் அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"கட்டிட்டாங்களா?" என்றார்.

"ஆமாண்ணே."

வெகுநேரம் சத்தமில்லை. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "வர்றேன். நான் வர்ற வரைக்கும் யார் வண்டியிலயும் ஏத்த விடாத" என்றார்.

கொள்முதல் நிலையம் என்பது சாலையோரம் ஒரு திடல், ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் வாய்க்கால். கொட்டகையின் இரும்புத் தூணோடு சேர்த்து அவனை உட்கார வைத்துக் கட்டியிருந்தார்கள். கைகள் பின்னால். நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். நெல்லுக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, தன் குவியலின் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, மற்றவர்களுடையதையும் அவிழ்த்திருக்கிறான். ஈரம் பார்க்கும் கருவியை எழுத்தர் கையிலிருந்து பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருக்கிறான். அதுவரை சிலர் கைதட்டியும் இருக்கிறார்கள். "ஈரம் ஈரம்னு எத்தன நாளா அலைய விட்டானுவ, அந்த மிஷினுக்கு அதான் சரி" என்று ஒருவர் அப்போதும் என் காதோரம் சொன்னார். ஆனால் தூறல் விழுந்ததும் சிரிப்பு போய்விட்டது. திறந்து கிடந்த குவியல்கள் நனைந்தன. மூடப் போனவர்களை அவன் தடுத்துத் தள்ளியதில் ஒருவர் கீழே விழுந்தார். அதன் பிறகு அவிழ்த்துப் போட்டிருந்த அவனுடைய கயிற்றையே எடுத்துக் கட்டிவிட்டார்கள்.

தொண்டை கட்டிப்போய், ஆனால் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தான். காவிரி, கர்நாடகம், தானியத்தின் நாடித்துடிப்பு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டேன். அந்த வெள்ளத்துக்கு நடுவில் ஒரே ஒரு கேள்வி மட்டும் தெளிவாக வந்தது. "மாமாவுக்குப் போன் பண்ணியா?"

"பண்ணிட்டேன் சாமி. வந்துக்கிட்டு இருக்கார்."

"சரி" என்றான். பிறகு மறுபடி நாடித்துடிப்புக்குப் போய்விட்டான்.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். யாரும் நகரவில்லை. "நீங்க தாயி, பாசத்துல சொல்றீங்க. அவுத்தா ஆளை அடிச்சுப்புடும் டீச்சர்" என்றார்கள். நானே அவிழ்க்கப் போனபோது இரண்டு பெண்கள் அன்பாக என் கையைப் பிடித்து விலக்கினார்கள். போலீஸ் ஏட்டு வந்தார். அவர் முரடர் அல்ல. "இந்த மாதிரி கேஸை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்னு எங்களுக்கும் சொல்லியிருக்காங்கம்மா" என்றார். அதற்குள் மூத்தாரின் வேன் வந்து நின்றது.

மூத்தாரைப் பற்றி நான் தவறாக எழுத முடியாது. என் மகனுக்குக் குடமுருட்டி ஆற்றில் நீச்சல் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அன்றும் அவர் கண்கள் கலங்கித்தான் இருந்தன. ஆனால் அவர் மனதில் இருந்தது மருத்துவமனை அல்ல. கோயில் ஒன்றின் அருகில் இருக்கும் ஓர் இல்லம். அவருக்குத் தெரிந்த ஒருவரின் மைத்துனர் அங்கே இருக்கிறார். எத்தனை காலமாக என்று கேட்டதற்கு, "அங்க இருந்துட்டா ஒரு தொந்தரவும் இல்லம்மா" என்பதுதான் பதில். அங்கே காலில் சங்கிலி போடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த வார்த்தையை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லும்மா, ஏத்திடலாம். ஊரே பாக்குது. செத்துப்போன எந்தம்பி மானத்தைக் காப்பாத்து" என்றார்.

"மாட்டேன் அத்தான். ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு அவனே சொல்லி வச்சிருக்கான். அவனுக்காகப் பேச வேண்டியவர் எங்கண்ணன். அவர் வந்துக்கிட்டு இருக்கார்."

"ஒங்கண்ணனா?" மூத்தார் ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்குங்க சார். ஒரு பைத்தியத்துக்கு இன்னொரு பைத்தியம் ஜாமீன்." கொட்டகை சிரித்தது. சிரித்தவர்களில் என்னிடம் படித்த ஒருவனும் இருந்தான். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

மருத்துவருக்குப் போன் போட்டு ஏட்டிடம் கொடுத்தேன். ஏட்டு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டார். கட்டி வைத்திருக்கக்கூடாது, அவன் பெயர் கொடுத்த ஆளோடு இங்கே அனுப்புங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "அவுத்து ஏதாவது ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்? அந்த ஆளு வந்து நிக்கட்டும். ஆனா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா."

நான் தூணுக்கும் வேனுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. என் மகன் என்னைப் பற்றிச் சொன்னது உண்மை. நான் பயந்துதான் இருந்தேன். மூத்தார் ஒவ்வொரு முறை வந்து குனிந்து கேட்டபோதும் என் தலை ஆடிவிடுமோ என்று என் தலைக்கே நான் பயந்தேன். திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம், அங்கிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து இங்கே. மூன்று பஸ். வரும் வழியில் அண்ணன் எங்காவது இறங்கித் திரும்பிப் போய்விட்டால்? "ஆமாண்ணே" என்று நான் சொன்னதும் ஏற்பட்ட அந்த மௌனம் எனக்குள் பெரிதாகிக்கொண்டே போனது. தூணில் கட்டிய ஒருவனை வந்து பார் என்று அவரை நான் எப்படிக் கூப்பிட்டேன்? உச்சி சாய்ந்தது. மகனின் விரல்கள் வீங்கியிருந்தன. அவனுக்கு ஒரு பெண் தண்ணீர் புகட்டினாள். அதே பெண்தான் காலையில் என் கையைப் பிடித்து விலக்கியவள்.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. மகன் மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்து, தெளிந்து வீட்டுக்கு வந்தான். நெல்லைக் காய வைத்து அவன் பெயரிலேயே போட்டோம். சிலர் இப்போதும் அவனைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மூத்தார் ஒருநாள் வாழைப்பழத்தோடு வந்து, நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். நேற்று மகன் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்: "அம்மா, அந்த நீலக் கயிறு எங்க? குறுவைக்கு வேணும்ல." "வேற வாங்கிக்கலாம்டா" என்றேன். "ஏன், அதுக்கென்ன? முழுசாத்தான இருக்கு" என்றான். அவனுக்கு அது கயிறு. முழுசாக இருப்பதால் பயன்படும். அது எப்படி முழுசாக மிஞ்சியது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அன்று அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கித் திடலுக்குள் வந்தார். முழுக்கைச் சட்டை, கையில் குடை, கக்கத்தில் மஞ்சள் பை. தூணைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவுதான், திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. பிறகு குடையைச் சுருக்கிப் பைக்குள் வைத்துவிட்டு நடந்து வந்தார்.

"நீங்கதானா அவரு?" என்றார் ஏட்டு.

"ஆமாங்க."

மூத்தார் விடவில்லை. "ஒன்னையே ஒருத்தர் பாத்துக்கணும். நீ இவனைப் பாத்துக்கப் போறியா?"

"ஆமா மச்சான். எனக்கும் அதே ஆஸ்பத்திரிதான், அதே டாக்டர்தான். வழி தெரிஞ்ச ஆளா வேணும்னு மாப்ள என்னைச் சொல்லியிருக்கு" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. இந்த முறை கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை.

ஏட்டு தலையசைத்தார். மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இறுகிப்போச்சுங்க, அறுத்துடலாம்" என்று அரிவாளோடு வந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துவிட்டார். அவ்வளவு வேகம் அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. "வேணாங்க. மொதல்ல அதை அவன் கண்ணுல படாம கொண்டு போயிடுங்க. நேரமானாலும் பரவாயில்ல, கையாலயே அவுப்போம்" என்றார்.

பிறகு மகனுக்கு எதிரே, நெல் சிந்திக் கிடந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் செய்வதுபோல இரண்டு கையையும் முழங்கை வரை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டார். பத்தாயத்துக் கயிற்றின் தழும்பு வளையம்போல் இரண்டு மணிக்கட்டிலும் வெளுத்துக் கிடந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் மறைக்கவில்லை. ஆனால் முடிச்சையும் தொடவில்லை. மகனின் பேச்சு ஓய்ந்து, அவன் கண்கள் தன் முகத்தில் வந்து நிற்கும்வரை காத்திருந்தார்.

"காதுகுத்துக்குத்தான் உள்ள வர முடியல மாப்ள. இதுக்கு வந்துட்டேன்" என்றார். "அவுக்கட்டுமா?"